காரின் விலையும் சாலைக்கு வரும் விலையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லி தட்டில் இருக்கும்போதே என் அக்கா மகன் ஒரு காகிதத்தோடு வந்து நின்றான். ஷோரூமில் கொடுத்த கொட்டேஷன்.

"மாமா, காரு விலை ஒன்பது தொண்ணூத்தஞ்சுன்னு போட்டிருக்கான். கீழே கூட்டினா பன்னெண்டு லட்சத்துக்கிட்ட வருது. நடுவுல இருக்கறதெல்லாம் என்ன?"

"உட்கார்றா, முதல்லே சாப்பிடு" என்றேன்.

சாப்பிட்டுக் கொண்டே இரண்டாவது கேள்வியையும் கேட்டான். "ஆபீஸ்லே எல்லாரும் சொல்றாங்க, ஓசூர்லே அம்மா அட்ரஸ்லே ரிஜிஸ்டர் பண்ணிட்டா வரி ரொம்ப மிச்சமாமே? என் ஆதார்கூட அந்த அட்ரஸ்லேதானே இருக்கு."

இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பெங்களூரில் குடியேறிய நம் குடும்பங்களில் இந்த யோசனையைக் கேட்காத வீடு இருக்காது. நானும் ஒரு காலத்தில் கேட்டேன், அதன்படி நடந்தேன், பணமும் இழந்தேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். பதிவு என்பது வேறு, வரி என்பது வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மத்திய அரசின் சட்டம். அதன் 46-ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வண்டி இந்தியா முழுவதும் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படும். டி.என். எண் போட்ட காரைக் காஷ்மீர் வரை ஓட்டிப் போகலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் வண்டியின் மேல் வரி போடும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில், 57-ஆவது இனமாக இருக்கிறது. ஆகவே வரி மாநிலத்துக்குச் சொந்தம். நீங்கள் தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரி தமிழ்நாட்டுச் சாலைகளுக்குக் கட்டியது. கார் நிரந்தரமாக கர்நாடகத்துக்குக் குடிவந்துவிட்டால் கர்நாடகம் தன் பங்கைக் கேட்கும். 'இந்தியா ஒரே நாடுதானே, ஒரு தடவை கட்டினால் போதாதா?' என்று கேட்பவர்கள் பதிவையும் வரியையும் ஒன்றாக்கிப் பார்க்கிறார்கள்.

இங்கே அதற்குப் பெயர் ஜீவாவதி தெரிகெ. கன்னடத்துத் 'தெரிகெ'யும் நம் பழந்தமிழ்த் 'திறை'யும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். குறுநில மன்னர்கள் பேரரசனுக்குக் கட்டியதைத்தான் நாம் இன்று ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கட்டுகிறோம் என்று சொன்னதும் மருமகன் சிரித்தான்.

இனி கணக்கு. சொந்த உபயோகத்துக்கான புதுக் காருக்கு கர்நாடகத்தில் ஆயுள் வரி விலையைப் பொறுத்தது. 5 லட்சம் ரூபாய் வரை 13 சதவீதம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 14. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 17. அதற்கு மேல் 18. இதோடு முடியவில்லை. வரும் வரித் தொகையின் மேல் 11 சதவீதம் செஸ் உண்டு. ஆகவே உண்மையான விகிதம் முறையே 14.43, 15.54, 18.87, 19.98 சதவீதம் என்று வைத்துக் கொள்ளுங்கள். விலை என்பது ஜி.எஸ்.டி. சேர்ந்த ஷோரூம் விலை. அதாவது மத்திய அரசு போட்ட வரியின் மேலும் மாநில அரசு வரி போடுகிறது. (ஜி.எஸ்.டி. விகிதம் 2025 செப்டம்பர் 22 முதல் மாறியது. நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட, 1200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீதம். பெரிய கார்களுக்கு 40.) மின்சாரக் கார்களுக்குக் கணக்கு தனி. பல வருடம் வரியே வாங்காமல் இருந்து, 2024-ல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்கு 10 சதவீதம் கொண்டு வந்தார்கள். அது அடிக்கடி மாறுகிற விஷயம், வாங்குகிற வாரத்தில் கேட்டுக் கொள்வது நல்லது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வருமான வரியில் ஒரு படி தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். கார் வரியில் அப்படி இல்லை. படியைத் தாண்டினால் முழு விலைக்கும் புது விகிதம்தான். மருமகனின் கையில் இரண்டு மாடல்கள் இருந்தன. ஒன்று 9,95,000. இன்னொன்று கூரையில் கண்ணாடி வைத்தது, 10,05,000. "பத்தாயிரம்தானே மாமா வித்தியாசம், கண்ணாடி வச்சதையே எடுத்துடலாம்" என்றான். காகிதத்தை வாங்கி எழுதிக் காட்டினேன்.

9,95,000-க்கு 14 சதவீதம் 1,39,300. அதன் மேல் செஸ் 15,323. மொத்தம் 1,54,623.

10,05,000-க்கு 17 சதவீதம் 1,70,850. செஸ் 18,793. மொத்தம் 1,89,643.

விலையில் பத்தாயிரம் கூடினால் வரியில் 35,020 கூடுகிறது. அது மட்டுமல்ல. 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார் என்றால் டீலர் உங்களிடம் விலையில் ஒரு சதவீதத்தை டி.சி.எஸ். என்று வசூலித்து வருமான வரி இலாகாவுக்குக் கட்ட வேண்டும். அது இன்னொரு 10,050. இது வரியே அல்ல, முன்பணம். வருமான வரி ரிட்டர்ன் போடும்போது கழித்துக் கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம். ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போக வேண்டும் அல்லவா? நமக்குத் தெரிந்த பலர் இதைக் கழிக்காமலே விட்டுவிடுகிறார்கள். போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ பெரிய கார் வாங்கியவர்கள் ஆடிட்டரிடம் இன்றே கேளுங்கள். ஆகமொத்தம் அந்தக் கூரைக் கண்ணாடியின் விலை பத்தாயிரம் அல்ல, ஐம்பத்தையாயிரம். மருமகன் வாயடைத்துப் போனான்.

இப்போது ஓசூர் யோசனைக்கு வருவோம். இந்த யோசனை பிறந்த காலத்தில் அதில் ஒரு நியாயம் இருந்தது. அன்று தமிழ்நாட்டில் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 15. கர்நாடகத்தோடு ஒப்பிட்டால் நல்ல லாபம்தான். ஆனால் 2023 நவம்பரில் தமிழ்நாடு தன் விகிதங்களை உயர்த்திவிட்டது. 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். செய்தித்தாளில் வந்த செய்திதான். பெங்களூர் ஆபீஸ் கேன்டீன்களில் மட்டும் இன்னும் பழைய கணக்கையே சொல்லிக் கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு மாநிலத்திலும் ஒரே விலையை வைத்து, சில்லறை வரிகளை விட்டுவிட்டுப் பாருங்கள். 8 லட்சம் காருக்குத் தமிழ்நாட்டில் 1,04,000, இங்கே 1,24,320. மிச்சம் இருபதாயிரம். 12 லட்சம் காருக்கு அங்கே 2,16,000, இங்கே 2,26,440. மிச்சம் பத்தாயிரம். 22 லட்சம் காருக்கு அங்கே 4,40,000, இங்கே 4,39,560. கர்நாடகம் 440 ரூபாய் மலிவு! இந்த மிச்சத்துக்காகவா அம்மாவின் முகவரியைக் கொடுத்து, அத்திபெலே செக் போஸ்ட்டைத் தாண்டும்போதெல்லாம் நெஞ்சு படபடக்க ஓட்ட வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். வண்டி வழக்கமாக எங்கே நிறுத்தி வைக்கப்படுகிறதோ அந்த இருப்பிடம் அல்லது தொழிலிடம் உள்ள மாநிலத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது 40-ஆம் பிரிவு. ஆதார் எந்த ஊரில் இருக்கிறது என்பது அங்கே கேள்வியே இல்லை. இரவில் கார் எங்கே தூங்குகிறது என்பதுதான் கேள்வி. மருமகனின் கார் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கத்து அடுக்குமாடியில் தூங்கப் போகிறது. பொய்யான விவரம் கொடுத்துப் பெற்ற பதிவை ரத்து செய்ய 55-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. எல்லோருக்கும் அப்படி நடந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. விபத்து ஒன்று நடந்து, இன்சூரன்ஸ் கம்பெனி ஒவ்வொரு காகிதமாகப் புரட்டும் நாளில் முகவரி ஒரு கேள்வியாக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

சொந்த ஊர் ஷோரூமிலேயே வாங்க வேண்டும் என்று சிலருக்கு ஆசை. பழகின ஆள், நல்ல தள்ளுபடி. தாராளமாக வாங்கலாம். அங்கே தற்காலிகப் பதிவு மட்டும் போட்டுக் கொண்டு, ஓட்டி வந்து இங்கே நிரந்தரப் பதிவு செய்யலாம். இது நேர் வழி.

இனி என் கதை. 2013-ல் கோவையில் கார் வாங்கினேன். அடுத்த வருடம் வேலை மாற்றலாகி பெங்களூர் வந்தோம். கார் கோவை எண்ணிலேயே நான்கு வருடம் இங்கே ஓடியது. 'யார் கேட்கப் போகிறார்கள்?' என்று இருந்தேன். 47-ஆம் பிரிவு பன்னிரண்டு மாதம் தருகிறது. வேறு மாநில வண்டி இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைக்கப்பட்டால் இந்த மாநிலத்து எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2014-ல் கர்நாடகம் தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, முப்பது நாளுக்கு மேல் இருந்தாலே ஆயுள் வரி என்றது. அப்போது ஊரே அமளிப்பட்டது. டி.என்., கேரள, ஆந்திர எண் வைத்திருந்த ஐ.டி. இளைஞர்களெல்லாம் காரை வெளியே எடுக்கவே பயந்தார்கள். 2016-ல் கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பைப் படித்துவிட்டு நான் சந்தோஷப்பட்டேன். முப்பது நாள் போய்ப் பழைய பன்னிரண்டு மாதம் திரும்பியதே தவிர, என் காருக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

2018-ல் ஒரு சோதனையில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். அதிகாரி மரியாதையாகவே கேட்டார், "எஷ்டு வருஷ ஆய்து சார்?" என்று. போன மாதம்தான் ஊரிலிருந்து வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆர்.சி.யை எடுக்க டேஷ் போர்டைத் திறந்தபோது பெங்களூர் சர்வீஸ் பில்கள் மூன்று வருடத்துக்கானவை கொத்தாக என் மடியில் விழுந்தன. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது? வரி, அபராதம் எல்லாம் சேர்ந்து அறுபதாயிரத்துக்கு மேல் ஒரே தவணையில் கட்டினேன். என் மனைவி அந்த மாதம் வாங்குவதாக இருந்த வாஷிங் மெஷின் அடுத்த தீபாவளிக்குப் போயிற்று.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்தேன். கார் வேறு மாநிலத்துக்கு நிரந்தரமாகப் போய்விட்டால், கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கான பகுதியைப் பழைய மாநிலத்திடம் திரும்பக் கேட்கலாம். புது மாநிலத்தில் மறுபதிவு ஆனதற்குச் சான்று காட்ட வேண்டும். வருடம் ஏற ஏறத் திரும்பும் தொகை குறைந்து கொண்டே போகும். நான் முதல் வருடத்திலேயே செய்திருந்தால் கணிசமாக வந்திருக்கும். கடைசியில் மறுபதிவு ஆன பிறகும் 'அதற்கு ஒரு தடவை கோவை போக வேண்டுமே' என்று தள்ளிப் போட்டு, விண்ணப்பமே கொடுக்கவில்லை. சோம்பலுக்கு நான் கட்டிய வரி அது.

ஊரிலிருந்து கார் கொண்டு வந்தவர்கள் செய்ய வேண்டியதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். முதலில் பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. வாங்க வேண்டும். படிவம் 28. கடன் இருந்தால் பாங்க்கின் சம்மதக் கடிதம் வேண்டும். பாக்கி அபராதச் செலான்கள் இருந்தால் அவற்றைத் தீர்த்துவிட்டுப் போங்கள். விண்ணப்பித்து முப்பது நாளுக்குள் மறுப்பு எதுவும் வராவிட்டால் சான்று கொடுத்ததாகவே கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் காகிதம் கையில் இல்லாமல் இங்கே எவரும் நகர மாட்டார்கள், ஆகவே காத்திருந்து வாங்கி வாருங்கள். பிறகு இங்கே உங்கள் பகுதி ஆர்.டி.ஓ.வில் புது எண்ணுக்குப் படிவம் 27, முகவரி மாற்றத்துக்குப் படிவம் 33. இன்ஸ்பெக்டர் காரை நேரில் பார்த்து சேஸிஸ் எண்ணைச் சரிபார்ப்பார். பிறகு வரி. புதுக் காருக்கான வரியைக் கணக்கிட்டு, காரின் வயதுக்கு ஏற்பக் குறைப்பார்கள். இரண்டு வருடத்துக்கு உட்பட்ட கார் என்றால் கிட்டத்தட்ட முழு வரியும் வரும். முதலில் வாங்கிய இன்வாய்ஸைத் தேடி எடுத்துச் செல்லுங்கள், விலைத் தகராறு வராது. புது எண் வந்ததும் இன்சூரன்ஸிலும் ஃபாஸ்டேக்கிலும் மாற்ற மறக்காதீர்கள். அதே வாரத்தில் பழைய மாநிலத்துக்கு வரி திரும்பக் கேட்டு விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

ஓசூரில் பழைய கார் மலிவாகக் கிடைக்கிறது என்று போகிறவர்களும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த விலையில் கர்நாடக வரி இல்லை. அதைச் சேர்த்தால் பல சமயம் இங்கேயே ஒரு கே.ஏ. கார் வாங்கியிருக்கலாம் என்று தெரியும்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாநிலம் மாற்றப்படுகிறவர்களுக்கு 2021 செப்டம்பர் 15 முதல் இன்னொரு வழி இருக்கிறது. அதுதான் பி.எச். என்ற பாரத் வரிசை எண். ராணுவத்தார், மத்திய மாநில அரசு ஊழியர், பொதுத்துறை ஊழியர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் ஆபீஸ் வைத்திருக்கும் தனியார் கம்பெனி ஊழியர் இதற்கு விண்ணப்பிக்கலாம். கம்பெனி படிவம் 60-ல் சான்று தர வேண்டும். விகிதம் 8, 10, 12 என்று மூன்று படி. டீசலுக்கு 2 கூடுதல், மின்சாரத்துக்கு 2 குறைவு. ஆயுள் வரியை மொத்தமாகக் கேட்பதில்லை, இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம். மாநிலம் மாறினால் எண் மாற்ற வேண்டாம். கர்நாடகத்தில் தனியார் ஊழியருக்கு இதைக் கொடுப்பது பற்றித் தொடக்கத்தில் தகராறு எழுந்து உயர்நீதிமன்றம் வரை போனது. ஆகவே புக் பண்ணும் முன் ஆர்.டி.ஓ.விலேயே கேட்டுவிடுங்கள். தவணையை மறந்தால் ஏழு நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம். என்னைப் போன்ற மறதிக்காரர்களுக்கு இது சரிப்படாது. மருமகன் பெங்களூரை விட்டுப் போவதாக இல்லை. பெண் பார்ப்பதுகூட இந்த ஊரிலேயேதான் வேண்டுமாம். அதனால் அவனுக்கும் இது தேவைப்படவில்லை.

கொட்டேஷனில் மிச்சமிருந்தவற்றைச் சீக்கிரம் பார்த்து முடித்தோம். காரின் பதிவுக் கட்டணம் 600 ரூபாய். ஆர்.சி. ஸ்மார்ட் கார்டுக்கு 200. கடனில் வாங்கினால் பாங்க்கின் பெயரை ஏற்ற 1,500. உண்மையான அரசுக் கட்டணங்கள் இப்படிச் சிறு தொகைகள்தான். நம்பர் பிளேட் என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தான். 2019 ஏப்ரல் முதல் புது வண்டிக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைத் தயாரிப்பாளரே தர வேண்டும், அதன் விலை கார் விலைக்குள்ளேயே அடக்கம். இன்சூரன்ஸில் மூன்றாம் நபருக்கான பகுதி மூன்று வருடத்துக்குக் கட்டாயம், 2018 செப்டம்பரிலிருந்து அப்படி. சொந்தச் சேதத்துக்கான பகுதியை எந்தக் கம்பெனியில் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

கடைசியில் 'ஹேண்ட்லிங்' என்று 8,500 ரூபாய்.

"இது என்ன மாமா?"

"இது எந்தச் சட்டத்திலும் இல்லாத வரி. ரசீது எந்தத் தலைப்பிலே தருவீங்கன்னு மட்டும் கேளு."

மறுநாள் கேட்டிருக்கிறான். மேனேஜர் உள்ளே போய் வந்து அடித்துவிட்டாராம். நம்பர் பிளேட் தொகையும் போயிற்று.

கார் போன வாரம் வந்தது. கூரைக் கண்ணாடி இல்லாத மாடல், கே.ஏ. 51 எண். ஓசூருக்கு முதல் சவாரி போனபோது அக்கா எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு எண்ணைப் பார்த்தாள். "ஏண்டா, நம்ம வீட்டு அட்ரஸ் கொடுக்கலையா?" என்று என்னிடம் கோபித்துக் கொண்டாள். கணக்கெழுதின காகிதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது, எடுத்துக் கொடுத்தேன்.

டி.என். எண்ணோடு ஒரு வருடம் தாண்டியவர்கள் நம் சங்கத்தில் குறைந்தது பத்துப் பதினைந்து பேராவது இருப்பார்கள். மாதக் கூட்டத்தன்று வாசலில் நிற்கிற கார்களைப் பார்த்தே சொல்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு ஆர்.சி. நகலும் முதல் இன்வாய்ஸும் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம்.